வெப்பநிலைக் கட்டத்தை விட்டுவிட்டால் சோதனை ரத்தாகுமா?

போதைப்பொருள் சோதனைக்காக லாரி ஓட்டுநரின் சிறுநீர் மாதிரியைச் சேகரித்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டீர்கள். படிவத்தில் வெப்பநிலைக் கட்டத்தை டிக் செய்யவில்லை என்று ஆய்வகம் சொல்கிறது. பயப்படாதீர்கள், இதற்காக ரத்தாகாது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிகளில் 40.208 என்ற பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தகவல் வந்த அன்றைக்கே நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். மாதிரி கைக்கு வந்த 4 நிமிடத்துக்குள் வெப்பநிலையைப் பார்த்தது, 32–38 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தது எல்லாம் உறுதியாக நினைவிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

கையிலுள்ள படிவத்தின் மூன்றாம் பிரதியில் இப்போது டிக் போட்டுவிடாதீர்கள். முதல் பிரதி ஆய்வகத்தில் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சின்ன மறதி பெரிய சந்தேகமாகிவிடும். உங்கள் பிரதியை 30 நாளாவது பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், சேகரித்தவர் பெயர், கையெழுத்து இரண்டுமே இல்லையென்றால் கதை வேறு. அது ரத்துதான்.