ஒரு தடவையாவது குட்டி போட வேண்டுமா?

கேள்வி: எங்கள் நாட்டு நாய் செவலைக்கு ஒன்பது மாதம். போன வாரம் முதல் தடவையாக ரத்தம் பட ஆரம்பித்திருக்கிறது. வாசலில் எந்நேரமும் ஆண் நாய்கள். உடனே கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறேன். “ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பாவம் சும்மா விடாது” என்கிறார் ஆச்சி. என்ன செய்ய?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: ஆபரேஷன் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் இப்போது வேண்டாம். பருவத்தில் இருக்கும்போது கர்ப்பப்பையில் ரத்த ஓட்டம் அதிகம், கசிவும் அதிகமாகும். பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும்.

அதுவரை காவல்தான் பெரிய வேலை. பருவம் சுமாராக மூன்று வாரம் நீடிக்கும். ரத்தம் வெளிறிக் குறைந்ததும் ‘முடிந்தது’ என்று நினைத்துப் பலர் அவிழ்த்துவிடுகிறார்கள். சினை பிடிக்கிற நாட்களே பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகின்றன. முதல் வாரம் ஆண் நாயைப் பார்த்துச் சீறியவள், இப்போது வாலை ஒதுக்கிக்கொண்டு நிற்பாள். வெளியே கூட்டிப்போனால் கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். ராத்திரி வீட்டுக்குள் வையுங்கள். காம்பவுண்டுச் சுவரெல்லாம் அந்த நாய்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. மீறி இணைந்துவிட்டால் தண்ணீர் ஊற்றியோ கல் எறிந்தோ பிரிக்காதீர்கள், இரண்டுக்கும் காயமாகும். அவை தானாகப் பிரிந்த பிறகு டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆச்சி சொல்வதை நெல்லைப் பக்கம் பாதி வீடுகளில் கேட்கலாம். ஒரு தடவை குட்டி போடுவதால் நாயின் உடம்புக்கு எந்த லாபமும் இல்லை. பருவங்கள் கூடக் கூட, மடியில் கட்டி வராமல் ஆபரேஷன் தரும் பாதுகாப்புதான் குறைந்துகொண்டே போகும். அதைவிடப் பயமானது கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது. வயதான பெண் நாய்களுக்குப் பருவம் முடிந்த சில வாரங்களில் வரும். நாய் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு, சோறு தொடாமல் சுருண்டு கிடக்கும். சில நாய்களுக்குச் சீழ் வெளியே வருவதே இல்லை, கண்டுபிடிப்பதற்குள் உயிருக்கு ஆபத்து.

பாவக் கணக்கு என்றால் ஆச்சியிடம் இன்னொன்றும் கேளுங்கள். சினைக்காலம் சுமார் 63 நாள். ஐந்தாறு குட்டி பிறந்தால் ஆண் குட்டியைக் கேட்டு ஆள் வரும். பெண் குட்டிகளை யார் வாங்கிப்போவார்கள்? சாக்கில் போட்டு ஆற்றுப் பாலத்தடியில் விட்டுவிட்டு வருகிற கதை ஆச்சிக்குத் தெரியாததா!

திருநெல்வேலி பக்கத்து ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயோ உங்கள் ஊர்ப் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமோ இப்போதே கேட்டுவையுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனை மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள், அதை மீறாதீர்கள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள், பத்து நாள் போலக் குளிப்பாட்ட வேண்டாம். அப்புறம் கொஞ்சம் குண்டாகப் பார்ப்பாள், சோற்றைக் குறையுங்கள். ஆச்சி யாருக்கும் தெரியாமல் போடுகிற சோற்றையும் சேர்த்துத்தான்.