அகலத் திரையில் ஆளை எங்கே நிறுத்துவது?

கல்யாண வீடியோவும் அவ்வப்போது குறும்படமும் எடுப்பவன் நான். ஃப்ரேம் வைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

16:9இல் (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) குளோஸ்-அப் வைத்தால் நெற்றி வெட்டுப்படுகிறது. தப்பா சார்?

தப்பே இல்லை. முகம் நெட்டுக்குத்து, ஃப்ரேம் படுக்கை. பழைய டிவியின் 4:3இல் முகம் பாந்தமாக அடங்கும். இங்கே முழுத் தலையும் தெரியவேண்டும் என்று பின்னால் போனால் முகம் சின்னதாகிவிடும், இரண்டு பக்கமும் சுவர்தான் மிஞ்சும். நெற்றியை வெட்டுங்கள், தாடையை விட்டுவிடுங்கள். பேசும்போது அசைவது அதுதான். கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருந்தால் போதும்.

ஒரே விதிவிலக்கு மணப்பெண். ஒருமுறை டைட்டாக வைத்து அழகான குளோஸ்-அப் எடுத்திருந்தேன். பெண்ணின் அம்மா பார்த்துவிட்டு, "சுட்டி எங்கே தம்பி?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

பேட்டி எடுக்கும்போது ஆள் நடுவிலா, ஓரத்திலா?

கேமராவைப் பார்த்தே பேசினால் நடுவில். பக்கத்தில் இருப்பவரிடம் பேசினால், அவர் பார்க்கிற பக்கம் இடம் விட்டு மறுபக்கம் ஒதுக்குங்கள். அப்புறம் அந்தக் காலி இடத்தையும் கொஞ்சம் பாருங்கள். கொடியில் லுங்கி தொங்கினால் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும்.

சினிமா லுக் வர மேலும் கீழும் கறுப்புப் பட்டை போடுகிறேன். தலை போய்விடுகிறதே?

போகத்தான் செய்யும். 1920×1080 பிக்சல் படத்தை, அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்கு இருக்கும்படி கொண்டுவந்தால் உயரத்தில் சுமார் 804 வரிதான் மிச்சம். மேலே 138, கீழே 138 காலி. பட்டை போடுவதால் அகலம் கூடுவதில்லை, உயரம்தான் குறைகிறது. எடுக்கும்போதே மானிட்டரில் ஃப்ரேம் மார்க்கரை, அதாவது படம் எதுவரை தெரியும் என்று காட்டும் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வசதி இல்லையா? கறுப்பு டேப்பை ஒட்டுங்கள், நானும் ஒட்டியவன்தான்.

இன்னொன்று. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அந்த அகலத்தை நிரப்ப அங்கே அரசவை இருந்தது. உங்களிடம் இருப்பது ஒரு ஹாலும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் என்றால் 16:9இலேயே எடுத்துவிடலாமே.

இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சி. நடுவில் பெரிய ஓட்டை தெரிகிறது.

நெருங்கி உட்காரச் சொல்லுங்கள். நேரில் பார்க்க ஒட்டிக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கும். திரையில் இயல்பாகத் தெரியும். அல்லது சஜஷன் வையுங்கள். முன்னால் இருப்பவரின் தோளும் காதும் மங்கலாக ஒரு பக்கத்தை அடைத்துக்கொள்ளும், எதிரே இருப்பவர் முகம் மீதி இடத்தில் நிற்கும். அகலத்தை நிரப்ப இதைவிட மலிவான வழி இல்லை.

நிற்கும் ஆளை எந்த இடத்தில் வெட்டுவது?

மூட்டில் வேண்டாம். தொடை நடுவில், அல்லது இடுப்புக்குச் சற்று மேலே.

மேடையில் குரூப் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர் குண்டாகத் தெரிகிறார்.

வைட் லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும். பின்னால் போய் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸில் எடுங்கள். மண்டபத்தில் அதற்கு இடமில்லை என்றால் ஒல்லியானவர்களை ஓரத்துக்கு அனுப்பிவிட்டு, கனமான மாமாவை மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்துங்கள். மரியாதை என்று நினைத்துச் சந்தோஷமாகவே வருவார்.

அதே ஷாட்டை ரீல்ஸுக்கும் வெட்டிக்கொள்ளலாமா?

ரீல்ஸ் நெட்டுக்குத்து, 9:16. அதற்கு வெட்டினால் 1920 அகலத்தில் சுமார் 608தான் கிடைக்கும், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒற்றை ஆள் என்றால் சமாளிக்கலாம். மாலை போட்ட ஜோடி என்றால் ஒருவர் தோள் போய்விடும். அசிஸ்டெண்ட் கையில் போனைக் கொடுத்துத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள்.