தோப்பில் கட்டிக்கிடக்கும் நாய்கள்

கேள்வி: டாக்டரம்மா, வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தென்னந்தோப்பை ஒரு வருஷமாக யாரோ குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். உள்ளே ஏழெட்டுப் பெரிய நாய்கள், கழுத்தில் மாடு கட்டும் சங்கிலி. சில ஞாயிறு இரவுகளில் வெளியூர் கார்கள் வரும். ஆட்கள் கத்துவது கேட்கும். மறுநாள் பார்த்தால் ஒன்றிரண்டு நாய்களுக்கு முகமெல்லாம் ரத்தம். கேட்டால், "காவலுக்கு வளர்க்கிறோம், தங்களுக்குள் கடித்துக்கொண்டன" என்கிறார்கள். பந்தயம் கட்டி நாய்ச்சண்டை நடத்துகிறார்களோ என்று சந்தேகம். ஆனால் சண்டையை நான் கண்ணால் பார்க்கவில்லை. புகார் கொடுக்கலாமா? கொடுத்தால் நாய்களைக் கொன்றுவிடுவார்களோ என்றும் பயம்.
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: தாராளமாகக் கொடுங்கள் அம்மா. சண்டையைப் பார்த்தால்தான் புகார் கொடுக்கலாம் என்றில்லை. நாயின் உடம்பே சொல்லிவிடும்.

அரசு கால்நடை மருந்தகத்தில் நான் இருந்தபோது, ஓர் இளைஞர் அதிகாலையில் ஆட்டோவில் ஒரு நாயைக் கொண்டுவந்தார். "வண்டியில் அடிபட்டுவிட்டது" என்றார். வண்டியில் அடிபட்டால் தோல் உராய்ந்திருக்கும், இடுப்போ பின்னங்காலோ உடைந்திருக்கும். இந்த நாய்க்குப் பின்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. முகம், தொண்டை, முன்னங்கால்கள் முழுக்கப் பல் இறங்கிய துளைகள். அவற்றுக்கு அடியில் ஆறிப்போன பழைய தழும்புகள். காது இரண்டும் அடியோடு வெட்டப்பட்டிருந்தன. எதிரி நாய் கவ்விப் பிடிக்கக் கூடாதாம். உதட்டில் ஒரு கிழிசலைத் துணி தைக்கும் நூலால் யாரோ தைத்திருந்தார்கள். சிகிச்சை செய்தேன், ஊசி போட்டேன், அனுப்பிவிட்டேன். மறுபடி வரச் சொன்ன நாளில் அவர் வரவில்லை. அன்று நான் காவல் நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

வீட்டு நாய்களும் தெரு நாய்களும் கடித்துக்கொள்ளத்தான் செய்யும். பெரும்பாலும் ஒன்று பணிந்ததும் சண்டை முடிந்துவிடும். புதுக் காயத்துக்கு அடியில் பழைய தழும்பு, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட நாய்களிடம் இருந்தால் சந்தேகப்படுங்கள். உங்கள் வீட்டிலிருந்தே தெரிகிறதா பாருங்கள்: ஒன்றையொன்று பார்த்து உறுமும் தூரத்தில், ஆனால் எட்டாதபடி கட்டியிருக்கிறார்களா? நாய் கவ்வித் தொங்குவதற்காகக் கிளையில் டயர் தொங்குகிறதா? பலகையோ தகரமோ அடித்த சின்னக் களம், கறை படிந்த தரைவிரிப்பு, ஊசிகள், மருந்துக் குப்பிகள் கண்ணில் படுகின்றனவா? இதற்காகத் தோப்புக்குள் போகவே போகாதீர்கள். பந்தயப் பணம் புழங்கும் இடம் அது. வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம். மறுநாளே நாய்களை இடம் மாற்றிவிடுவார்கள்.

பொழுதுபோக்குக்காக விலங்குகளை மோதவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதால் பிறந்த சட்டம். ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. அதனால் புகாரை எழுதும் விதம் முக்கியம். 11(1) பிரிவின் (n) உட்பிரிவு, சண்டைக்கு இடம் வைத்து நடத்துவதைக் குற்றமாக்குகிறது. 31-ஆம் பிரிவுப்படி, அந்தக் குற்றத்துக்குப் போலீஸ் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். ஆகவே "நாயைக் கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று மட்டும் எழுதாமல், "இந்தத் தோப்பை நாய்ச்சண்டை நடத்தும் இடமாகப் பயன்படுத்துவதாகச் சந்தேகிக்கிறேன்" என்று எழுதுங்கள். விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு.

தேதி, நேரம், வண்டி எண், கேட்ட சத்தம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வாருங்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுத வேண்டாம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதி ஒன்று மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கு. சண்டை நடக்கும் சத்தம் கேட்கும் இரவில் நேராக 112 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

நாய்களைப் பற்றிக் கேட்டீர்கள். 2007-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 'அமெரிக்கன் ஃபுட்பால்' வீரர் மைக்கேல் விக்குக்குச் சொந்தமான இடத்தில் ஐம்பது நாய்கள் அளவில் பிடிபட்டன. சண்டை நாய் திருந்தாது, கொன்றுவிடுவதே மேல் என்று அங்கேயும் பலர் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தபின் 47 நாய்கள் பிழைத்தன. பல நாய்கள் பின்னாளில் வீடுகளில் குழந்தைகளோடு வளர்ந்தன. இங்கேயும் வழக்கு நடக்கும்போது நாய்களைக் காப்பகத்தில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட முடியும். உங்கள் புகாரின் கடைசியில், "நாய்களைக் கால்நடை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், வழக்கு முடியும்வரை உரிமையாளரிடம் திருப்பித் தரக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள் அம்மா.