நல்ல பெர்சனாலிட்டி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். ஒரு வரன் இங்கிலாந்தில், லெஸ்டரில். பையன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், வாசிக்க வராது. அதனால் பயோடேட்டாவை இங்கிலீஷில் எழுதினேன். 'நல்ல ஹைட், ஹெல்தி, குட் பெர்சனாலிட்டி, ஹோம்லி' என்று போட்டிருந்தேன். சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இத அனுப்பிராதிய" என்று சிரிக்கிறான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மகள் ஐந்தடி ஐந்தங்குலம். ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை, பூசினாப்போல இருப்பாள். இதற்கு என்ன வார்த்தை போடலாம்?

வாசகர், கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள அண்ணாச்சி,

(நம்மூரில் ரெண்டு பக்கமும் அண்ணாச்சிதானே.) தம்பி மகன் சிரித்ததில் நியாயம் உண்டு. விளக்காமல் விட்டதில்தான் இல்லை. வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நின்று 'ஆள் நல்ல ஹைட்டு, செம பெர்சனாலிட்டி' என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஆனால் அது தமிழ். லெஸ்டர் பையனுக்கு ஹைட் என்பது வெறும் அளவின் பெயர். உயரமான ஆளை அவன் டால் என்பான். பெர்சனாலிட்டி என்றால் அவனுக்குக் குணம், சுபாவம். வாட்டசாட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹெல்தி என்றால் நோய்நொடி இல்லாதவர், அவ்வளவுதான். 'கொஞ்சம் பருமன்' என்பதை நாம் அதில் பொதிந்து அனுப்புவது அங்கே போய்ச் சேராது. ஹோம்லியை மட்டும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். பிரிட்டிஷ்காரர் அதை வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நல்லவிதமாகச் சொல்வார். அமெரிக்கர் காதில் விழுந்தால் 'முகம் சுமார்' என்று அர்த்தம். பையனின் அத்தை யாராவது நியூஜெர்சியில் இருந்துவிட்டால் கதை கந்தல்.

உடல்வாகைச் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தைகளில் ஆளின் எடை பாதி, சொல்பவரின் மனசு பாதி. ஒரே பெண்ணை, பிடித்தவர்கள் ஸ்லிம் என்பார்கள், பிடிக்காதவர்கள் ஸ்கின்னி என்பார்கள். தின் என்பது நடுவில் நின்றாலும், 'சரியாச் சாப்பிடுறதில்லையோ' என்ற சந்தேகம் அதில் லேசாக ஒட்டியிருக்கும். நாம் மட்டும் என்னவாம்? ஒடிசல், ஒல்லி, நோஞ்சான், ஒல்லிப்பிச்சான் என்று இறங்கிக்கொண்டே போவோம்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி 1801இல் பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில் இருந்தவர். 1830இல் தன் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் ஊமைத்துரையை வர்ணிக்கும்போது டால், ஸ்லெண்டர் என்கிறார், பார்க்க நோயாளி மாதிரி இருந்தார் என்கிறார், அதே வாக்கியத்தில் அந்த மனிதரின் மன வேகத்துக்கும் வருகிறார். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து கோட்டையைத் திரும்பக் கட்டியவரைப் பற்றி, எதிர்த்துச் சண்டை போட்டவர் எழுதுவது இது. ஸ்லெண்டருக்குப் பதில் ஸ்கின்னி என்று போட்டிருந்தால் வாசிப்பவனுக்கு இளக்காரம்தான் வந்திருக்கும். ஸ்லெண்டரில் ஒரு மரியாதை இருக்கிறது. அதே வெல்ஷ் சிவகங்கைச் சின்ன மருதுவை போர்ட்லி என்கிறார். அன்றைக்கு அது கம்பீரத்தையும் சேர்த்துச் சொன்ன வார்த்தை. இன்றைக்கு ஒருவரை அப்படிச் சொன்னால், தொந்தி தள்ளிய பெரியவர்தான் கண்ணில் நிற்பார். பழைய அகராதியைத் திறந்து வார்த்தை பொறுக்குவதில் இந்த ஆபத்து உண்டு.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருவோம். பூசினாப்போல என்பதற்கு அகராதியில் தேடினால் ப்ளம்ப், சப்பி, கர்வி (curvy) என்று வரும். முதல் இரண்டும் கைக்குழந்தைக்கு ஆகும், கல்யாண வயசுப் பெண்ணுக்கு ஆகாது. மூன்றாவதை ஒரு தகப்பனார் தன் கையால் எழுதவே கூடாது, அவ்வளவுதான் சொல்வேன். பெட்டீட் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது குள்ளமாய், சின்ன உருவமாய் இருக்கும் பெண்களுக்கு. மீடியம் பில்ட் என்பது சரியான இங்கிலீஷ்தான், தப்பே இல்லை. ஆனால் காணாமல் போனவர் அறிவிப்பு மாதிரித் தொனிக்கும். என்னைக் கேட்டால் அந்த வரியே வேண்டாம்.

உயரத்துக்கு எண் போதும். நம்ம போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பொதுப்பிரிவு ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர் என்றுதான் போடுகிறார்கள், 'நல்ல ஹைட்' என்றா போடுகிறார்கள்? இங்கிலாந்திலும் ஆள் உயரத்தை அடி, அங்குலத்தில் பேசுகிற வழக்கம் இருப்பதால் ஐந்தடி ஐந்தங்குலம் அப்படியே புரியும். அதோடு டால் என்று சேர்க்காதீர்கள். கல்லிடைக்குறிச்சியில் அது நல்ல உயரம், லெஸ்டரில் நடுத்தரத்தை ஒட்டியது. எடை அவசியமே இல்லை. கேட்டால் கிலோவில் சொல்லுங்கள். அங்கே பலர் இன்னும் ஸ்டோன் கணக்குத்தான் சொல்கிறார்கள், ஒரு ஸ்டோன் 14 பவுண்டு, நம் கணக்கில் ஆறேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பெருக்கி வகுத்துக்கொள்வது அவர்கள் பாடு.

முழு உருவம் தெரிகிற போட்டோ ஒன்று வையுங்கள், ஸ்டுடியோ திரை இல்லாமல். மிச்சமாகும் இடத்தில் மகள் என்ன படித்தாள், என்ன வேலை பார்க்கிறாள், எதில் கெட்டிக்காரி என்று எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அப்புறம், பையன் எத்தனை அடி என்று நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.