சாந்துப் பொட்டும் சாந்துச் சட்டியும்

கேள்வி: எங்கள் வீட்டில் டைல்ஸ் பதிக்கும் கொத்தனார், "சாந்து கொண்டாம்மா" என்று சித்தாளைக் கூப்பிட்டார். "நெத்தியில வைக்கிறதுதானே சாந்து?" என்கிறாள் என் மகள். இரண்டும் ஒரே சொல்லா?
- வாசகி, காரைக்குடி

பதில்: ஒரே சொல்தான் அம்மா. சங்கப் பாடல்களில் சாந்து என்றால் மார்பில் பூசும் சந்தனக் குழம்பு. சாமிக்குச் சந்தனம் 'சாத்துகிறோம்' அல்லவா? அந்தச் சாத்துதலுக்கு உறவான சொல் இது. அரைத்துக் குழைத்துப் பூசுவதற்கெல்லாம் இந்தப் பெயர் பொருந்திவிட்டது.

எங்கள் வீட்டில் இரண்டு சாந்தும் உண்டு. அப்பாயி ஜவ்வரிசியைக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றிக் காயவைப்பார். காலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்தால் பொட்டுக்கு மை தயார். தாத்தா கொத்தனார். அவர் சாந்து அரைபட்டது, மாடு இழுக்கும் கல் சக்கரத்தில். வட்டப் பள்ளத்தில் நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கிடக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அவ்வப்போது தெளிப்பார்கள். தாத்தா ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் தேய்ப்பார். நறநறத்தால், "இன்னும் சுத்தட்டும்" என்பார். வழுவழுவென்று வரும்வரை பூசும் கரணையைத் தொடமாட்டார். அப்பாயி கொட்டாங்குச்சியில் விரல் வைத்துப் பார்ப்பதும் இதே பதத்துக்குத்தான்.

போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். சிமெண்ட் நம் ஊர்களுக்குள் வந்தபின் அரைக்கும் வேலையே போய்விட்டது. மண்வெட்டியால் புரட்டி, தண்ணீர் சேர்த்த அரைமணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். இதைக் 'கலவை' என்பவர்களும் உண்டு. ஆனாலும் அரைக்காத அந்தச் சிமெண்டைச் சுமந்து வருவது சாந்துச் சட்டிதான். எனக்கு இதில் அத்தனை சந்தோஷம்.

சித்தாள் என்பதும் நல்ல தமிழ். சிறுமை சேர்ந்த 'சிற்றாள்', ஆற்றை 'ஆத்து' என்பதுபோல் பேச்சில் சித்தாள் ஆனது. வேலையில் உதவியாள் என்பதே பொருள். அதை ஏச்சாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. கொத்தனார் கை ஓயாமல் இருப்பது சித்தாளின் சட்டி தவறாமல் வருவதால்தான்.

இன்னொன்றும் உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். டைல்ஸ் பதித்தபின் இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்டைக் கரைத்து விடுவார்கள். அதைக் கொத்தனார்கள் 'பால்' என்பார்கள். ஊற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தால், அந்தப் பெயருக்கு அவள் காரணம் கேட்கமாட்டாள்.