பரண் மேல் கிடக்கும் ஓவியங்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஆசைக்கு வரைந்த படங்களையும் கையால் செய்த பொருட்களையும் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர்களின் கேள்விகள் இந்த இதழில். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம், பதில்களை முடிந்தவரை விரிவாகவே தந்திருக்கிறோம்.

கேள்வி: பள்ளி நாட்களிலிருந்து வரைந்த வாட்டர்கலர் படங்களை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வைத்திருக்கிறேன். காகிதம் மஞ்சளாகிவிட்டது. சிலவற்றில் பழுப்புப் புள்ளிகள். ரோஸ் நிறம் பூசிய இடமெல்லாம் வெளுத்து, பூ இருந்த சுவடே இல்லை. என்ன நடந்தது? சரிசெய்ய வழி உண்டா?

பதில்: மூன்றும் மூன்று தனித்தனிக் கோளாறுகள்.

மஞ்சள் நிறம் காகிதத்தின் குணம். மலிவான வரைதாள் மரக்கூழில் செய்யப்படுவது. அதில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகும். தாளில் அமிலமும் இருந்தால் நாளடைவில் மொறுமொறுப்பாகி, மடித்த இடத்தில் ஒடிந்துவிடும். ஆன மஞ்சளை வீட்டில் போக்க முடியாது. மேலும் ஆவதைத் தாமதப்படுத்தலாம். முதல் வேலையாக அந்த ஃபைலிலிருந்து படங்களை எடுத்துவிடுங்கள். கெட்டியான நெடி அடிக்கும் பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் பிவிசி. அது சிதையும்போது அமிலத்தை வெளிவிடும், தாளோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியஸ்டர் உறை நல்லது. அமிலமற்ற தாளை மடித்து அதனுள் வைப்பது அதைவிடவும் நல்லது, ஏனென்றால் காகிதம் ஈரத்தைச் சிறைவைக்காது. படுக்கை வாட்டில் அடுக்கி, ஒவ்வொரு படத்துக்கும் இடையே ஒரு அமிலமற்ற தாள் வையுங்கள்.

பழுப்புப் புள்ளிகளுக்குப் பூஞ்சையும் காகிதத்தில் கலந்திருக்கும் இரும்புத் துகள்களும் காரணம். இரண்டையும் தூண்டிவிடுவது ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை கிளம்பும். 45 முதல் 55 வரை பாதுகாப்பு. புள்ளி மேல் தொட்டால் பொடியாகவோ பஞ்சு போலவோ ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பூஞ்சை இன்னும் உயிரோடு இருக்கிறது. படத்தை நிழலான, காற்றோட்டமுள்ள அறையில் சில நாட்கள் பரப்பி நன்றாக உலரவிடுங்கள். பிறகு முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்து, மிருதுவான உலர்ந்த தூரிகையால் ஓரத்தை நோக்கித் தட்டிவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சை வித்துகள் தாளுக்குள்ளேயே இறங்கிவிடும். வெயிலில் காயவைத்தால் பூஞ்சையோடு நிறமும் போய்விடும். பிளீச்சிங் திரவத்தைத் தொட்டு வைப்பவர்களும் உண்டு. புள்ளி மறைந்தாலும், எஞ்சி நிற்கும் குளோரின் அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். செத்துப்போன புள்ளிகளை அப்படியே விட்டுவிடுவதுதான் எங்கள் யோசனை.

ரோஸ் வெளுத்தது நிறமியின் குறை. டியூபின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பெயரை நம்பாதீர்கள், அந்தக் குறியீட்டைப் படியுங்கள். பிஆர் 83 என்றிருந்தால் அது அலிசரின் கிரிம்சன். மெல்லிய பூச்சாகப் போட்டால் வெளிச்சத்தில் நிச்சயம் மங்கும். கண்ணைப் பறிக்கும் ஒளிரும் ரோஸ் நிறங்களில் சாயம் கலந்திருக்கும். அவை மாதக்கணக்கிலேயே வெளுக்கும். அதே இடத்தில் பிவி 19 அல்லது பிஆர் 122 என்ற குயினாக்ரிடோன் நிறமிகள் உள்ள டியூபை வாங்குங்கள். நீலத்தில் பிபி 29, பிபி 15, மண் நிறங்களில் பிஒய் 43, பிபிஆர் 7 ஆகியவை நம்பத் தகுந்தவை. ஸ்கெட்ச் பேனா மையில் பெரும்பாலும் சாயம்தான். அதில் வரைந்தவற்றைச் சுவரில் மாட்டவே வேண்டாம்.

பெரிய ஓவியர்களும் இதில் தப்பவில்லை. வான்கோ 1888-இல் வரைந்த படுக்கையறை ஓவியத்தின் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. தம் கடிதத்தில் அவர் அவற்றை வெளிர் ஊதா என்றே எழுதியிருந்தார். ஊதாவுக்காக நீலத்தோடு கலந்த சிவப்பு மங்கிவிட்டதால் நீலம் மட்டும் மிஞ்சியது.

உங்களிடம் இருக்கும் நிறங்களை நீங்களே சோதிக்கலாம். ஒரு கனமான தாளில் ஒவ்வொரு நிறத்தையும் அடர்த்தியிலிருந்து மெல்லியதாக இழுத்துப் பட்டைகளாகப் பூசுங்கள். பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். பிரித்தால் இரு பாதிக்கும் உள்ள வித்தியாசம் தானாகத் தெரியும். மெல்லிய பூச்சின் பக்கத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். மோசமான நிறமி முதலில் அங்கேதான் தோற்கும்.

வெளுத்த பூவின் மேல் மறுபடி ரோஸ் பூசலாமா என்றால், வேண்டாம் என்போம். பழைய தாளின் பசைப்பூச்சு தளர்ந்திருந்தால் தண்ணீர் பட்டதும் மையொற்றித் தாள் மாதிரி உறிஞ்சித் திட்டாகிவிடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாளில் அதே படத்தைப் புதிதாக வரையுங்கள். பழையது பழையதாகவே இருக்கட்டும்.

கேள்வி: அப்படியானால் படங்களை லேமினேட் செய்துவிட்டால்?

பதில்: கூடாது. சூட்டில் உருகும் பசை தாளுக்குள் ஊறிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. உள்ளே இருக்கும் அமிலமும் ஈரமும் அங்கேயே தங்கிவிடும், வெளிச்சத்தையும் அது தடுக்காது. நகலை லேமினேட் செய்யுங்கள், மூலத்தை அல்ல. செல்லோடேப்புக்கும் இதே பதில்: அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளின் மறுபக்கம் வரை இறங்கும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரின் மிதமான சூட்டைக் காட்டி, டேப்பைத் தாளோடு தாளாகப் படுக்கவைத்தபடி மெதுவாக இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் தாளின் மேல்தோல் உரிந்து வரும்.

கேள்வி: அக்ரிலிக் ஓவியங்களை முகத்தோடு முகமாக அடுக்கி வைத்திருந்தேன். இரண்டு கேன்வாஸ்கள் ஒட்டிக்கொண்டன. இன்னொன்றில் செய்தித்தாள் ஒட்டி, அதன் அச்செழுத்து படத்தில் பதிந்திருக்கிறது.

பதில்: இழுத்துப் பிரித்துவிடவில்லையே? அப்படியென்றால் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

அக்ரிலிக் காய்ந்த பிறகும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான். சூடான அறையில் இளகி, மேல் எடை இருந்தால் அடுத்த பரப்போடு ஒன்றிவிடும். குளிரில் அது இறுகும். ஒட்டிய இரண்டையும் அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். உறைநிலைப் பகுதி வேண்டாம். அங்கே பூச்சு கண்ணாடி போல நொறுங்கும் அளவுக்குப் போய்விடும். எடுத்தவுடன் ஒரு மூலையில் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை நுழைத்து, இரு கையாலும் முன்னும் பின்னும் அறுப்பது போல இழுத்துக்கொண்டே போங்கள். கேன்வாஸை வளைக்கக் கூடாது. நூல் இறுகினால் நிறுத்தி, மறுபடி குளிரவைத்துத் தொடருங்கள்.

செய்தித்தாளுக்குக் குளிர் தேவையில்லை. காய்ந்த அக்ரிலிக் தண்ணீரில் கரையாது, காகிதம் ஊறும். ஈரப் பஞ்சால் ஒரு சிறு பகுதியை மட்டும் நனைத்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, விரல் நுனியால் உருட்டினால் காகிதம் திரிதிரியாக வரும். தண்ணீர் நீண்ட நேரம் நின்றால் பூச்சு ஊதி மென்மையாகும். அதனால் கையகல இடம் முடித்து, உலரவிட்டு, அடுத்த இடத்துக்குப் போங்கள். பூச்சுக்குள் பதிந்துவிட்ட அச்சு மை போகாது. அதன் மேல் திருத்தி வரைவது ஒன்றே வழி, அக்ரிலிக் அதற்கு இடம் கொடுக்கும்.

இனி அடுக்கும்போது புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பது அரை மணியில் நடந்துவிடும். கனமாகப் பூசிய இடங்கள் உள்ளே உலர வாரங்கள் ஆகும். அதற்குள் அடுக்க வேண்டாம். இடையில் தாள் வைத்தே ஆகவேண்டும் என்றால் சிலிகான் பூசிய பேக்கிங் தாள் வையுங்கள். குமிழ் உறையின் குமிழ்கள் படத்தின் பக்கம் இருந்தால் வட்ட வட்டமாகத் தடம் பதியும்.

வார்னிஷ் பூசினாலும் ஒட்டும் தொல்லை குறையும். ஆனால் நேராகப் பூசாதீர்கள். மென்மையான பளபளப்பு ஜெல் மீடியம் (நிறமி சேர்க்காத அக்ரிலிக் கூழ்) இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து அகலத் தூரிகையால் ஒரு கை பூசி உலரவிடுங்கள். அதன் மேல் கரைத்து எடுக்கக்கூடிய வார்னிஷ். பின்னாளில் வார்னிஷ் அழுக்கேறினால், கீழே இருக்கும் நிறத்தைத் தொடாமல் அதை மட்டும் கழுவி எடுக்க இந்த இடைப்பூச்சுதான் உதவும்.

கேள்வி: என் எண்ணெய் ஓவியங்களில் ஒன்று வெடித்திருக்கிறது, ஒன்று பல மாதம் ஆகியும் பிசுபிசுக்கிறது, அலமாரியில் இருந்த மூன்றாவது மஞ்சளாகிவிட்டது.

பதில்: மஞ்சள்தான் எளிது. ஆளி விதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். நேர் வெயில் படாத வெளிச்சமான அறையில் சில வாரம் மாட்டிவையுங்கள், கணிசமாகத் தெளியும்.

வெடிப்புக்குப் பெரும்பாலும் பூச்சுகளின் வரிசை காரணம். எண்ணெய்ச் சத்து குறைந்த, டர்பென்டைன் கலந்த பூச்சு அடியிலும், எண்ணெய் கூடியது மேலேயும் இருக்க வேண்டும். மாறிப்போனால், மேல்பூச்சு முதலில் இறுகி, கீழ்ப்பூச்சு பின்னால் அசைய, மேலே இருப்பது பிளக்கும். ஐவரி பிளாக் மெதுவாக உலரும். அதை அடியில் கனமாகப் பூசுவது ஆபத்து. வெள்ளைக்கு டைட்டானியம், அதாவது பிடபிள்யூ 6 எடுங்கள். ஜிங்க் வெள்ளையான பிடபிள்யூ 4 நாளடைவில் நொறுங்கும். வெடித்ததை நிரப்பி மறைக்க முயல வேண்டாம். செதில் எழும்பியிருந்தால் படத்தைப் படுக்கவைத்து, தூசி தட்டுவதைக்கூட நிறுத்திவிடுங்கள்.

பிசுபிசுப்புக்கு, என்ன எண்ணெய் கலந்தீர்கள் என்பதுதான் கேள்வி. ஆலிவ், ஆமணக்கு எண்ணெய்கள் எத்தனை ஆண்டானாலும் இறுகாது. அப்படியானால் அந்தப் பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் வரைய வேண்டும். ஆளி விதை எண்ணெயே அதிகமாகிவிட்டிருந்தால் காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் பொறுத்திருங்கள். வார்னிஷ் இப்போது கூடவே கூடாது: மெல்லிய பூச்சுக்கே ஆறு மாதம், கனமானதற்கு ஓராண்டு.

உருளைக்கிழங்கையோ ரொட்டியையோ தேய்த்து ஓவியத்தைச் சுத்தம் செய்யும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். மாவுச்சத்து பூச்சின் இடுக்குகளில் தங்கிப் பூச்சியை அழைக்கும்.

கேள்வி: கண்ணாடி போட்டு மாட்டிய படத்திலும் உள்ளே பூஞ்சை வருகிறதே?

பதில்: படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். குளிர்ந்த கண்ணாடியில் படியும் ஈரம் நேராகத் தாளுக்குப் போகிறது. இடையில் ஜன்னல் வெட்டிய அமிலமற்ற மவுன்ட் அட்டை வேண்டும். சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் போதும். பேஸ்டலுக்கு, அதாவது பொடி உதிரும் வண்ணக்கட்டியால் வரைந்த படத்துக்கு, ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். அதற்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போடக் கூடாது, அதன் நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும். படத்தை மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும், கோதுமை மாவுப்பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் கொண்டு தொங்கவிடுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால், ஈரத்தில் விரியும் தாள் போக்கிடமில்லாமல் அலை அலையாக மடியும். சட்டத்தின் கீழ் மூலைகளில் பின்புறம் சிறு ரப்பர்க் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும்.

கேள்வி: காகிதக்கூழ் பொம்மைகளில் சின்னச் சின்ன ஓட்டைகள், கீழே மாவு போல உதிர்கிறது. களிமண் உருவங்களில் விரிசல்.

பதில்: ஓட்டை போடுவது பூச்சி, பசைக்குப் போட்ட மாவுதான் அதற்கு இரை. பொம்மை முழுக்க உலர்ந்திருக்கிறதா என்று உறுதிசெய்து, பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி காட்டும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்க வேண்டாம். திறந்தால் குளிர்ந்த பொம்மை மேல் நீர் கோத்துக்கொள்ளும். உறைந்திருக்கும்போது பூச்சு எளிதில் உடையும் என்பதால் அழுத்திப் பிடிக்கக் கூடாது. கண்ணாடி பதித்தவற்றுக்கு இந்த முறை வேண்டாம். புதிதாகச் செய்யும்போது மாவுப்பசைக்குப் பதில் வெள்ளைப் பிவிஏ பசையைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கலந்து ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் மூன்று நான்கு அடுக்குக்கு மேல் போகாமல், ஒவ்வொரு முறையும் முழுக்க உலரவிட வேண்டும். உள்ளே ஈரம் இருக்கப் பெயின்ட் அடித்தால் பூஞ்சை உள்ளேயிருந்து கிளம்பிப் பெயின்டைத் தள்ளும்.

தானாக உலரும் களிமண் காயும்போது சுருங்கும். உள்ளே இருக்கும் கம்பி சுருங்காது. கம்பியைச் சுற்றிச் செய்தித்தாள் சுற்றிவிட்டால் அந்த மெத்தை சுருக்கத்தைத் தாங்கும். முதல் நாள் தளர்வாகப் பிளாஸ்டிக் போர்த்தி மெதுவாக உலர்த்துங்கள். வந்துவிட்ட விரிசலுக்கு அதே களிமண்ணைத் தண்ணீரிலும் சில துளி பிவிஏ பசையிலும் குழைத்து இரண்டு மூன்று தவணையாக நிரப்புங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் அதுவும் வெடிக்கும்.

கேள்வி: எல்லாவற்றையும் படமெடுத்து வைக்க விரும்புகிறேன். ஃபோன் போதுமா?

பதில்: போதும், வெளிச்சம் சரியாக இருந்தால். மேகமூட்டமான நாளின் ஜன்னல் வெளிச்சம் சிறந்தது. விளக்கு என்றால் ஒரே மாதிரி இரண்டு, படத்தின் இருபுறமும் 45 டிகிரி கோணத்தில். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஃபோனை அருகில் கொண்டுபோனால் ஓரங்கள் வளையும். சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். லென்ஸ் படத்தின் மையத்துக்கு நேராக இருக்கட்டும். படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டையும் சேர்த்து எடுத்தால் பின்னால் நிறத்தைச் சரிசெய்ய அளவுகோலாகும். ஏ4 அளவில் அச்சிட 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். பேஸ்டல், கரிப் படங்களை ஸ்கேனரில் கவிழ்க்காதீர்கள்.

கூடவே இன்னொன்றும் செய்யுங்கள். படத்தின் பின்பக்கம், கீழ் ஓரத்தில், 2பி பென்சிலால் அழுத்தாமல் ஆண்டு, தாளின் வகை, பயன்படுத்திய நிறங்களின் குறியீடு மூன்றையும் எழுதிவையுங்கள். பால்பாயின்ட் பேனாவின் தடம் முன்பக்கம் புடைக்கும், மையும் ஊறும். சட்டத்துக்குள் போன படமென்றால் சட்டத்தின் பின் அட்டையிலும் அதையே எழுதுங்கள்.