பெங்களூரில் தொட்டியில் வளர்க்கும் ஹெர்மிட் நண்டு (நிலத்தில், காலிச் சங்குக்குள் வாழும் நண்டு) மணலுக்குள் போய் மூன்று வாரமாகிறது. தோண்டலாமா?

தோண்டாதீர்கள். மூன்று வாரமாக வெளியே வரவில்லை என்பதால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் தோல் உரிக்கிறது. சிறிய நண்டுக்குச் சில வாரம், பெரியதற்கு இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அப்போது உடம்பு மெத்தென்று இருக்கும், பாவம், கை பட்டாலே காயமாகிவிடும்.

முகர்ந்து பாருங்கள். அழுகிய மீன் நாற்றம் விடாமல் வந்தால் மட்டும் சந்தேகப்படலாம். உரித்த தோல் மேலே கிடந்தாலும் எடுக்காதீர்கள், அதைத்தான் அது தின்னும்.

எனக்குக் கவலை பெங்களூர்க் காற்றுதான். பிப்ரவரி, மார்ச்சில் ரொம்ப வறண்டுவிடும். ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் செவுள் காய்ந்து மூச்சுவிடத் திணறும். தொட்டிக்குள் ஒரு ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் அளக்கும் கருவி) வைத்து, மேலே கண்ணாடி போட்டு மூடுங்கள்.

ஆனால் மணலில் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். அடியில் தேங்கினால் உள்ளே இருக்கும் நண்டு மூழ்கிவிடும்.